சப்ரஸரா, காதுமூடியா? முதல் தோட்டாவுக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

“சப்ரஸர் மாட்டியாகிவிட்டதே அப்பா, பிறகு காதை ஏன் மூட வேண்டும்?” என்று என் மகன் கேட்டான்.

நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோ பகுதியில் என் அக்கா குடும்பம் வசிக்கிறது. ஜூன் மாத விடுமுறைக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் நிலத்தில் உறைபனி இன்னும் புல்லின் மேல் வெள்ளையாகக் கிடந்தது. அத்தானிடம் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன: முயலுக்குச் சிறிய .22, மானுக்குப் பெரிய .308 (எண்கள் குண்டின் அளவைக் குறிப்பவை). பெரியதற்குப் புதிதாக ஒரு சப்ரஸர், அதாவது குழல்முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் கருவி, வாங்கியிருந்தார். அதை முதன்முதலாகச் சுட்டுப் பார்க்கும் நாள் அது. மகன் பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டுச் செப்டம்பரில் சிங்கப்பூரின் கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவைக்குப் போக இருந்தான்.

அவன் கேட்டதில் தவறில்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு அங்கே போய், உறவினர் அல்லது நண்பரின் ரைஃபிளைச் சுட்டுப் பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் இதே எண்ணம்தான். சப்ரஸர் மட்டும் போதுமா, நுரைக் காதடைப்பான் வைத்துக்கொள்வதா, காதுமூடி அணிவதா, மின்னணுக் காதுமூடிக்குச் செலவழிப்பதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காதைக் காப்பாற்றுவது உங்கள் காதில் இருப்பதுதான். சப்ரஸர் அதற்குத் துணை, மாற்று அல்ல. முதல் நாள் சுடுகிறவர் சப்ரஸர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதடைப்பானைச் செருகி, அதன் மேல் காதுமூடியும் அணிய வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

1990களில் நான் தேசிய சேவை செய்தபோது எங்கள் கையில் இருந்தது எம்16எஸ்1 ரைஃபிள். ஒருநாள் சுடுதளத்தில் வியர்த்த விரலோடு, அவசரத்தில், இடக்காதில் அடைப்பானை அரைகுறையாகச் செருகிவிட்டேன். எனக்கு அது தெரியவே இல்லை. அன்று இரவு படுக்கையில் சில்வண்டு ஒன்று காதுக்குள் உட்கார்ந்து கத்துவதுபோல் ஓர் இரைச்சல் தொடங்கியது. இரண்டு நாளில் குறைந்தது, ஆனால் போகவில்லை. இன்றும் அமைதியான அறையில் அதைக் கேட்கிறேன். பல ஆண்டுகள் கழித்துச் செய்த காது சோதனையில், 4,000 ஹெர்ட்ஸ் அருகே இடக்காதின் கோடு மட்டும் பள்ளம்போல் கீழே இறங்கியிருந்தது. துப்பாக்கிச் சத்தம் விட்டுச்செல்லும் தடம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழும். வலக்கையால் சுடுகிறவரின் இடக்காது குழல்முனையைப் பார்த்தபடி இருக்கிறது. வலக்காதோ தலையின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது. அதனால்தான் இடது முதலில் கெடுகிறது. தொலைபேசியை அந்தக் காதில் வைத்தால் ‘காசு’ என்பதும் ‘காது’ என்பதும் எனக்கு ஒன்றுபோல் கேட்கின்றன. சகரத்தின் சீறல் உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பது. அதுதான் முதலில் கழன்றுபோகிறது.

உட்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதிக்குள் இருக்கும் நுண்முடி செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. தோல் கிழிந்தால் ஆறும், எலும்பு உடைந்தால் கூடும், இது கூடாது.

இப்போது சப்ரஸருக்கு வருவோம். தமிழில் நாம் இதைச் சைலன்சர் என்கிறோம்; அந்தச் சொல்லைக் கேட்டதும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்தான் நினைவுக்கு வருகிறது. ஒப்புமை தற்செயலானது அல்ல. 1909இல் துப்பாக்கிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மேக்சிம் என்ற அமெரிக்கர் இயந்திரங்களின் புகைப்போக்குச் சத்தத்தைக் குறைக்கும் கருவிகளையும் உருவாக்கியவர். அவருடைய தந்தை ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தம் துப்பாக்கிகளின் சத்தத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்று காது கேளாதவராகிப்போனார். தந்தையின் காதைப் பறித்த சத்தத்தை அடக்கும் கருவியை மகன் செய்தார் என்பது இந்தத் துறையின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொடும் செய்தி.

மோட்டார் சைக்கிளில் சைலன்சர் இருப்பதால் அது சத்தமில்லாமல் ஓடுகிறதா? இல்லை, சத்தம் குறைகிறது. ரைஃபிளிலும் அப்படித்தான். குண்டு குழலைவிட்டு வெளியேறும் நொடியில் அதன் பின்னால் இருக்கும் வாயு, காற்றழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு அழுத்தத்தோடு வெடித்துக் கிளம்புகிறது. சப்ரஸருக்குள் அடுக்கடுக்காக உள்ள தடுப்புகள் அந்த வாயுவை விரியவும் சுழலவும் ஆறவும் விட்டு, பிறகு மெல்ல வெளியே அனுப்புகின்றன. .308 போன்ற ரைஃபிளின் சத்தம் சப்ரஸர் இல்லாமல் 160 டெசிபலைத் தாண்டும். நல்ல சப்ரஸர் அதிலிருந்து 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். டெசிபல் கணக்கில் 20 குறைந்தால் ஒலியழுத்தம் பத்தில் ஒன்றாகிவிடும் என்பதால் இது பெரிய குறைப்பு. ஆனால் குறைத்த பிறகும் மிஞ்சுவது 140ஐ ஒட்டியே நிற்கிறது. திடீர் வெடிச்சத்தத்துக்கு, காது மூடாமல் ஒருமுறைகூடத் தாண்டக்கூடாத எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது அந்த 140தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ரைஃபிளிலிருந்து வருவது ஒரு சத்தமல்ல, இரண்டு. குழல்முனை வெடிப்பு ஒன்று. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம் மற்றொன்று. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. .308 குண்டு 800 மீட்டருக்கு மேல் போகிறது. குழலின் நுனியில் எதை மாட்டினாலும் அந்தக் கிழிசல் சத்தத்தை அது தொட முடியாது. திரைப்படத்தில் கேட்கும் ‘ப்ஸ்க்’ சத்தம் ரைஃபிளில் வராததற்கு இதுவே காரணம். ஒலியைவிட மெதுவாக, நொடிக்கு 320 மீட்டர் அளவில் பறக்கும் .22 தோட்டாவில் மட்டும் நிலைமை வேறு. அத்தான் முதலில் அதைத்தான் சுட்டுக் காட்டினார். விசையின் ‘கிளிக்’கும், குண்டு மண்மேட்டில் புதையும் ‘தொப்’பும் தனித்தனியாகக் கேட்டன. மகன் கண்ணை அகல விரித்தான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பெரிய ரைஃபிளையும் எடைபோட்டதால்தான் அவனுக்கு அந்தக் கேள்வி வந்தது.

“மாப்பிள்ளை, அவனை ஐம்பதடி தள்ளி நிறுத்துங்கள். காதுமூடியோடு கேட்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்” என்றார் அத்தான்.

புது சப்ரஸரை முதல் நாள் பொருத்தும்போது அவர் செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவருடைய துப்பாக்கியைச் சுடப்போகிறவரும் இவற்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ரைஃபிள் காலி என்பதைப் போல்ட்டைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தார். குழல்முனையில் உள்ள திருகுமரையைத் துணியால் துடைத்தார். சப்ரஸரைக் கையால் திருகி, அது கோணாமல் அடிவரை போய் உட்காருகிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு நேரான உலோகக் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அதன் நுனி சப்ரஸரின் வாய்த்துளைக்கு நடுவில் வருகிறதா என்று எனக்குக் காட்டினார். துளையின் ஓரத்தை ஒட்டினால்கூடக் குண்டு உள்தடுப்பில் மோதிவிடும். இந்த ஐந்து நிமிட வேலையை அவர் அவசரப்படுத்தவே இல்லை. ஒவ்வொரு ஐந்து தோட்டாவுக்கும் ஒருமுறை சப்ரஸர் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார். இரண்டாவது முறை பார்த்தபோது உண்மையாகவே கால் திருகு தளர்ந்திருந்தது.

முதல் தோட்டா மற்றவற்றைவிடச் சற்று உரக்கக் கேட்டது. சப்ரஸருக்குள் தங்கியிருந்த காற்றில் உள்ள ஆக்சிஜன், வெளியேறும் வாயுவோடு சேர்ந்து எரிவதால் முதல் முறை அப்படி ஆகும். அடுத்ததிலிருந்து கனத்த, மந்தமான சத்தம். அதன் பின்னால் எதிரே உள்ள குன்றில் மோதித் திரும்பிய கூர்மையான கிழிசல். தோளில் உதைப்பு குறைந்திருந்தது. துள்ளல் குறைந்ததால், சுட்ட பிறகும் தொலைநோக்கியில் இலக்கைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. ஆனால் 100 மீட்டரில் வைத்த தாளில் குண்டுகள் எல்லாம் பழைய இடத்துக்கு நான்கு விரற்கிடை கீழே கூடியிருந்தன. நுனியில் அரைக்கிலோ அளவு எடை தொங்கினால் குழலின் அதிர்வு மாறிவிடும், குறியும் மாறிவிடும். தொலைநோக்கியைத் திருத்தி மறுபடி சுட வேண்டியிருந்தது. பத்துத் தோட்டாவுக்குப் பிறகு சப்ரஸரின் மேல் கானல் நெளிந்தது. அக்கா மகன் தொடப் போனதைத் தடுத்தோம். அந்த உலோகம் கையைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

ஆக, சப்ரஸருக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கும் வேட்டை நாய்க்கும் அது பெரிய உதவி, நாயின் காதில் நாம் எதையும் செருக முடியாது. அண்டைப் பண்ணைக்காரருக்கு நிம்மதி. புதிதாகச் சுடுகிறவர் சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து விசையை வெட்டி இழுப்பது குறைகிறது. நியூசிலாந்தில் அதற்குத் தனி உரிமம் தேவையில்லை, சில நூறு நியூசிலாந்து டாலருக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அதைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் காதுக்கான ஒரே காப்பாக அதை நம்பலாமா என்ற கேள்விக்கு, பெரிய ரைஃபிளைப் பொறுத்தவரை என் பதில் கூடாது என்பதுதான்.

நுரைக் காதடைப்பான் இந்தப் பட்டியலிலேயே மிக மலிவானது. சரியாகச் செருகினால் மிக நல்லதும் அதுவே. பெட்டியில் 29 முதல் 33 டெசிபல் வரை குறைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்றவர்கள் செருகியபோது கிடைத்தது. வெளியில் நடப்பது வேறு. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், பெட்டியில் உள்ள எண்ணில் காதுமூடிக்குக் கால் பங்கும், நுரை அடைப்பானுக்குப் பாதியும், மற்ற வகை அடைப்பான்களுக்கு 70 விழுக்காடும் கழித்துக்கொள்ள 1998இல் பரிந்துரைத்தது. 33 என்று எழுதியிருப்பது உங்கள் காதில் 16 ஆகிவிடலாம். அந்தக் கழிவை வரவாக்குவது உங்கள் விரல்கள்தான்.

செருகும் முறையைச் சொல்கிறேன். கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். அடைப்பானைக் கட்டைவிரலுக்கும் மற்ற இரு விரல்களுக்கும் நடுவில் வைத்து, மடிப்பு விழாமல், ஊதுபத்திக் குச்சியளவு மெலிதாகும்வரை உருட்டுங்கள். இடக்காதுக்குச் செருகும்போது வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து, மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த காதுத்துளை அப்போது நேராகும். உருட்டியதை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரல் நுனியால் பிடித்திருங்கள். பிறகு வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் முன்பக்கமாகப் பார்க்கும்போது அடைப்பான் காதைவிட்டு நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். எனக்கு அன்று யாராவது இந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

காதுமூடியின் பலம், அது யார் தலையிலும் உடனே சரியாக உட்காரும் என்பது. சிறுவர்களுக்கும், காதில் விரல் விடவே பிடிக்காதவர்களுக்கும் அதுதான் வசதி. அதன் பலவீனம் ரைஃபிளிலேயே இருக்கிறது. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்ததும், கட்டை காதுமூடியின் கீழ்விளிம்பைத் தள்ளி ஓர் இடைவெளி உண்டாக்கிவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பும் அப்படியே. அக்கா ஜிமிக்கியைக் கழற்றாமல் அணிந்தபோது மூடியின் மெத்தைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவு சந்து தெரிந்தது. கழற்றிவிட்டு அணியச் சொன்னேன். வாங்கும்போது தடித்ததைவிட மெலிந்த ஓடு கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். ரைஃபிளுக்கு அதுதான் ஒத்துவரும்.

மின்னணுக் காதுமூடி விலை கூடியது. வெளியே உள்ள ஒலிவாங்கி மெல்லிய பேச்சைப் பெருக்கித் தரும், உரத்த சத்தம் வந்ததும் அந்தப் பெருக்கத்தை வெட்டிவிடும். ‘சுடாதே’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழுகிறதே, அதற்காகவே புதியவருக்கு இதைப் பரிந்துரைப்பேன். சத்தத்தைத் தடுக்கும் அளவில் மட்டும் பார்த்தால் பல மாடல்கள் சாதாரண மூடியைவிடக் குறைவு, 22 அல்லது 23 என்ற எண்தான் இருக்கும். எனவே உள்ளே நுரை அடைப்பானைச் செருகி, மேலே இதை அணிந்து, ஒலியைக் கூட்டிவைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் பந்தயத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அனைத்துலகத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் விதிகளின்படி, ஒலியைப் பெருக்கித் தரும் காதுமூடியைப் போட்டியாளர் களத்தில் அணிய முடியாது.

காதின் அச்செடுத்துச் செய்யும் அடைப்பான்களும் உண்டு. மாதம் நான்கு முறை சுடுகிறவருக்கு அது தகும். விடுமுறையில் ஒருநாள் சுடுகிறவருக்கு வீண்செலவு.

இரண்டையும் சேர்த்து அணிந்தால் எண்களைக் கூட்டக்கூடாது. 30க்கு மேல் 25 சேர்த்து 55 கிடைக்காது. இரண்டில் பெரியதோடு ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடும், ஏனென்றால் ஓர் அளவுக்கு மேல் சத்தம் மண்டையோட்டின் வழியாகவே உட்காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த ஐந்துக்காகவா இத்தனை சுமை என்று கேட்கலாம். ஐந்தைவிட முக்கியமான பயன் வேறு. ஒன்று நழுவினாலும் மற்றொன்று இருக்கும். அன்று என் காதுக்கு மேல் ஒரு மூடி இருந்திருந்தால் சில்வண்டு வந்திருக்காது.

சிங்கப்பூரில் சுடுகிறவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் பாதி தானாகவே விழுந்துவிடுகிறது. நம் நாட்டில் தனியார் ஒருவர் சப்ரஸர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் கிடைக்கும். பிறரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால், சுட முயன்றால்கூட, மரண தண்டனை. சுவா சூ காங் சாலைப் பக்கம் உள்ள தேசியச் சுடுதளத்தில் பயிற்சி பெறுவோர், மன்றத்தின் கண்காணிப்பில் விளையாட்டுத் துப்பாக்கியைச் சுடுவார்கள். 2018 காமன்வெல்த் போட்டியில் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வென்ற 10 மீட்டர் காற்றழுத்த ரைஃபிளும் 50 மீட்டர் படுத்துச் சுடும் ரைஃபிளும் அந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே காதுக்குச் செலவழிப்பதுதான் ஒரே வழி. நல்ல வழியும் அதுவே. நியூசிலாந்து போகிறவர்களுக்கு மேலும் இரண்டு செய்திகள். அங்கே உரிமம் இல்லாதவர் சுடலாம், ஆனால் உரிமம் உள்ளவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். திரும்பும்போது தோட்டாவையோ, சுட்டுப்போட்ட வெற்று உறையையோ நினைவுப்பொருளாகப் பைக்குள் போட்டுக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்காதீர்கள். சட்டைப்பை, கையுறை, காலணியின் மடிப்பு எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

இனி, யாருக்கு எது என்று கேட்டால்: மெதுவான .22 தோட்டாவும் சப்ரஸரும் சேர்ந்தால் ஒரு காதுமூடி போதும். மான் வேட்டைக்கு மலையேறுகிறவர், சத்தங்களைக் கேட்டபடி நடக்க வேண்டும் என்பதால், சப்ரஸரோடு மின்னணுக் காதுமூடியை வைத்துக்கொள்ளலாம். மேசையில் உட்கார்ந்து வரிசையாக இருபது தோட்டா சுடுகிறவருக்கு, சப்ரஸர் இருந்தாலும், அடைப்பானும் மூடியும் இரண்டும் வேண்டும். கூரை போட்ட சுடுதளத்தில் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் இன்னும் கண்டிப்பாக வேண்டும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஒரு பெட்டி நுரை அடைப்பான் வாங்கி, மீதத்தைச் செருகிப் பழகும் நேரமாகச் செலவழியுங்கள்.

என் மகன் அன்று ஒட்டாகோவில் இரண்டையும் அணிந்துதான் சுட்டான். ஏழு தோட்டா. ஊருக்குத் திரும்பிய பிறகு, தேசிய சேவைப் பயிற்சிக்காகத் தெக்கோங் தீவுக்குப் போகும்வரை தினமும் ஒருமுறை செருகிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். வீட்டில் அளவுகோல் எது என்று யோசித்தபோது குக்கர்தான் கிடைத்தது; அதன் விசில் என் காதில் கழன்றுபோன அதே உயர்ந்த சுருதிகளைச் சேர்ந்தது. முதல் வாரம் முழுதும் ஒவ்வொரு விசிலுக்கும் அவன் தலையைத் திருப்பினான். “இடது சரியாக உட்காரவில்லை, எடுத்துவிட்டு மறுபடி உருட்டு” என்றேன். இரண்டாவது வாரம் ஒருநாள் மாலை, கழுவித் துடைத்த கையோடு சமையலறை வாசலில் நின்று, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதை இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலை எடுக்காமல் நின்றான். அவனுக்கு முதுகுப்பக்கம் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. அவன் திரும்பவில்லை.